ஜெர்மனியை நடுங்கவைத்த காளிராஜ்

மதுரை விமான நிலையத்திலிருந்து வந்த வாடகைக் கார் உச்சிப்புளி ரயில்வே கேட்டில் நின்றபோதுதான் பூங்கோதை அந்த ஃபிளெக்ஸைப் பார்த்தாள். பத்தடி உயரம். அதில் அவளுடைய புருஷன் கறுப்புக் கண்ணாடி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் தோளுக்கு மேலே, மேகத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பதுபோல், ஒட்ட நறுக்கிய மீசையோடு ஹிட்லர். கீழே சிவப்பு எழுத்து: ‘ஜெர்மன் போலீசை நடுங்கவைத்துத் தாய்மண் திரும்பும் எங்கள் சிங்கம் அண்ணன் காளிராஜ் அவர்களே, வருக வருக! இவண்: வீரத்தமிழர் எழுச்சிப் பேரவை.’

அவள் திரும்பிக் காளிராஜைப் பார்த்தாள். அவன் அதற்குள் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

“இது யாரு வேலை?”

“பயலுக பாசத்துல வச்சிருக்காங்க. நான் வேணாம்னுதான் சொன்னேன்.”

“அந்தப் போட்டோ போன மாசம் நான் எடுத்துக் குடுத்தது. வேணாம்னு சொல்லிட்டுத்தான் அதை அனுப்பி வச்சீகளா?”

கேட் திறந்தது. கார் பனையடியேந்தலுக்குத் திரும்பியது. டிரைவர் கண்ணாடி வழியாகக் காளிராஜை ஒரு தடவை மரியாதையாகப் பார்த்தான். அந்தப் பார்வைக்காகவே அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். எட்டாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தது இதற்குத்தானா என்று பூங்கோதைக்குத் தோன்றியது.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. மிளகாய் விவசாயம் செய்து பிள்ளைகளை வளர்த்த வீட்டுப் பெண். நர்சிங் முடித்து ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் வேலை பார்த்தாள். டூட்டிக்கும் டூட்டிக்கும் நடுவில் ஆன்லைனில் ஜெர்மன் படித்தாள். பரீட்சையில் இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை தேறி, வடக்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் முதியோர் இல்லத்து வேலைக்குப் போனாள். ஒரு வருஷம் கழித்து, துணைவர் விசாவில் காளிராஜ் போய்ச் சேர்ந்தான்.

ஊரில் அவன் பழைய பைக் வாங்கி விற்பவன். வாய்ச் சாமர்த்தியத்தில் பிழைத்தவன். அங்கே அந்த வாய்க்கு வேலையில்லாமல் போயிற்று. மொழி வகுப்புக்கு நாலு நாள் போனான். ஐந்தாம் நாள், வாத்தியாரம்மா தன்னை மதிக்கவில்லை என்று சொல்லி நின்றுவிட்டான். பிறகு பூங்கோதை வேலைக்குப் போவாள். அவன் பனியைக் காட்டி ஒரு ரீல்ஸ், ரயிலைக் காட்டி ஒரு ரீல்ஸ் என்று போட்டுக்கொண்டிருப்பான். ஊர்ப் பயல்கள் இருநூறு பேர் இதயம் போடுவார்கள். அந்த இருநூறை அவன் ஒரு நாளைக்கு நாற்பது தடவை எடுத்துப் பார்ப்பான்.

முதியோர் இல்லத்தில் பிராண்ட் என்று ஒரு கிழவி இருந்தாள். தொண்ணூற்று மூன்று வயது. ஒரு நாள் குளிப்பாட்டி முடித்து, தலை சீவிக்கொண்டிருந்தபோது, மேஜை டிராயரிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்துக் காட்டினாள். பதினாலு வயதுப் பையன். அவளுடைய அண்ணன். பேச்சு வராதவன், புத்தி வளராதவன். அவனை ஒரு விடுதியில் விட்டிருந்தார்கள். ஹிட்லர் ஆட்சிக் காலத்தில் ஒரு நாள் சாம்பல் நிறத்தில் ஒரு பஸ் வந்தது. ஜன்னல்களுக்குப் பெயின்ட் அடித்திருந்தது. ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று வாரத்தில் வீட்டுக்குக் கடிதம் வந்தது, பையன் நிமோனியாவில் செத்துப்போனான் என்று. அந்த வருஷம் அந்த வட்டாரத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகள் எல்லோருக்குமே நிமோனியா வந்தது என்று சொல்லிவிட்டுக் கிழவி போட்டோவை டிராயரில் வைத்து மூடினாள்.

பூங்கோதை அன்றைக்கு வீட்டுக்கு வந்து இதைக் காளிராஜிடம் சொன்னாள். அவன் போனிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டான்: “அது எந்தக் காலத்துக் கதை?”

காளிராஜ் ராமநாதபுரத்தில் ஒரு சட்டை அச்சடிக்கச் சொல்லி, லீவு முடிந்து ஜெர்மனிக்குத் திரும்பிய ஒரு கூட்டாளியிடம் கொடுத்துவிடச் சொல்லி வாங்கியிருந்தான். கறுப்புப் பனியன். நெஞ்சில் ஹிட்லர் முகம், அதற்குக் கீழே ஸ்வஸ்திக் மாதிரி வளைந்த சிலுவை. பூங்கோதை வேலைக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதை மாட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போய், வாசலில் நின்று வலது கையை நீட்டிச் சல்யூட் அடித்தான். கூட்டாளி வீடியோ எடுத்தான். பின்னால் பாட்டுச் சேர்த்தால் லட்சம் பேர் பார்ப்பார்கள் என்று நினைத்தார்கள். பதினோரு நிமிஷத்தில் போலீஸ் வந்துவிட்டது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போன ஒரு பெண் போன் செய்திருந்தாள்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் பூங்கோதை வேலையுடுப்போடு ஓடினாள். பெஞ்சில் காளிராஜ் உட்கார்ந்திருந்தான். பனியனைக் கழற்றி ஒரு கவரில் போட்டு ஒட்டியிருந்தார்கள். யாருடைய பழைய ஸ்வெட்டரையோ அவனுக்குக் கொடுத்திருந்தார்கள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“அது எங்க சாமி சின்னம்னு சொல்லு. கோயில்ல போடுறதுன்னு சொல்லு,” என்றான்.

அவள் சொன்னாள். அந்தப் போலீஸ்காரி பொறுமையாகக் கேட்டாள். “உங்கள் கோயில் சின்னம் எனக்குத் தெரியும். அதைக் கோயிலில் வைத்தால், கல்யாணப் பத்திரிகையில் போட்டால் எங்களுக்கு ஒன்றுமில்லை. மேலே ஒரு முகம் இருக்கிறதே, அது எந்தச் சாமி?” என்று கேட்டாள்.

பூங்கோதை அதைத் தமிழில் சொன்னபோது காளிராஜ் தரையைப் பார்த்தான்.

போலீஸ்காரி விளக்கினாள். இந்த நாட்டில் பிரதமரைத் திட்டலாம், அரசாங்கத்தைத் திட்டலாம், ரோட்டில் நின்று கத்தலாம். ஆனால் ஹிட்லரின் நாஜிக் கட்சிச் சின்னத்தையும் அந்தச் சல்யூட்டையும் பொது இடத்தில் காட்டக் கூடாது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தக் காட்டலாம், மியூசியத்தில் வைக்கலாம். பெருமைக்குக் காட்டினால் குற்றம். மூன்று வருஷம் வரை ஜெயில் போட வழி இருக்கிறது, முதல் தடவை என்பதால் பெரும்பாலும் அபராதம்தான் வரும்.

‘ஜெயில்’ என்ற வார்த்தையைக் கேட்டதும் காளிராஜ் அழுதுவிட்டான். சத்தமாக, தோள் குலுங்க.

அன்று சாயங்காலம், அரசாங்க வக்கீல் அலுவலகத்துக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினான். எழுதினான் என்றால், அவன் சொல்லச் சொல்ல அவள் ஜெர்மனில் எழுதினாள். “தெரியாமச் செஞ்சுட்டேன், அது தப்புன்னு இப்பப் புரியுதுன்னு மட்டும் எழுதுவோம்” என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. இன்னும் இறங்கி, இன்னும் இறங்கி எழுதச் சொன்னான். அவன் சொன்ன பொய்களை அவள் இலக்கணப் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தாள். அது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. அவன் கையெழுத்துப் போட்டான். அபராதத்தோடு விஷயம் முடிந்தது. அவள் சம்பளத்தில் கட்டினாள்.

இப்போது ஏழு மாசம் கழித்து, மூன்று வார லீவில் வந்தால், உச்சிப்புளி கேட்டில் சிங்கம் நிற்கிறது.

வீட்டில் காளிராஜின் தங்கை முத்தழகு வாசலுக்கு ஓடிவந்தாள். முப்பது வயது. மனசு ஏழு வயதிலேயே நின்றுவிட்டது. ஆடு மேய்ப்பாள், கோலம் போடுவாள், பணத்தை எண்ணத் தெரியாது. பூங்கோதையின் கையைப் பிடித்துக்கொண்டு, “மதினி, அண்ணன் ரோட்டுல பெருசா நிக்கிது! கூட ஒரு மீசைத் தாத்தா!” என்றாள். பூங்கோதை அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் பேரவையின் ஒன்றியச் செயலாளர் வழிவிட்டான் வந்தான். இருபத்தெட்டு வயது, வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு போன். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா என்றான். பின்னாடி கட்டுகிற பேனரைப் போனில் காட்டினான். ஒரு மூலையில் வெள்ளைத்தாள் ஒட்டியதுபோல் ஒரு சதுரம் காலியாக இருந்தது.

“அது என்ன ஓட்டை?” என்றாள் பூங்கோதை.

“அங்கன நம்ம தலைவர் படமும் கொடியும் இருந்துச்சு மதினி. தடைசெஞ்ச இயக்கம்னு ஸ்டேஷன்ல எடுக்கச் சொல்லிட்டாங்க. போட்டா உள்ள போடுவோம்னாங்க.”

“அப்ப இந்த ஆளு?”

“ஹிட்லரா? அவருக்கு இங்கன தடையே இல்ல மதினி. யாரும் கேக்க முடியாது.” வழிவிட்டான் தன் சாமர்த்தியத்தை நினைத்துச் சிரித்தான். “நேதாஜிக்கே கை குடுத்தவருல்ல?”

“கை குடுத்தது இருக்கட்டும் தம்பி. அந்தாளு என்ன செஞ்சாருன்னு தெரியுமா?”

“யூதனுகளைப் போட்டுத் தள்ளுனாரு. வட்டிக்கு விட்டு நாட்டைச் சொரண்டுனவனுகளாம்.”

“ஒங்க அய்யா என்ன தொழில் பாக்குறாக தம்பி? ராமநாதபுரம் மார்க்கெட்டுல?”

வழிவிட்டானுடைய அய்யா மார்க்கெட்டில் மீன்காரிகளுக்குத் தினவட்டிக்கு விடுகிறவர் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவன் முகம் ஒரு நொடி சுருங்கியது. பிறகு, “மதினி ரொம்பத் தமாஷாப் பேசுறாக” என்று சொல்லிவிட்டு, காப்பியைக் குடித்து முடிக்காமலே எழுந்து போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்கோதை கடைசியாக ஒரு தடவை கேட்டாள். காளிராஜ் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

“மேடைக்குப் போக வேணாங்க. ஒடம்பு சரியில்லைன்னு சொல்லிருவோம்.”

“ஒனக்கு என்ன தெரியும்? அங்கன நான் யாரு? குப்பையைப் பிரிச்சுப் போடுறவன். பொண்டாட்டி சம்பளத்துல சோறு திங்கிறவன். கடைக்காரன்கூட என் மூஞ்சியைப் பாத்துப் பேச மாட்டான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் நாலு பேரு மாலை போடுறானுக. அதுவும் ஒனக்குப் பொறுக்கல.”

அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது உண்மை. அவன் சொன்னதில் பொய்யில்லை. இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் உட்கார்ந்து அழுதிருந்தால், அவள் அவனைக் கட்டிக்கொண்டிருப்பாள். ஆனால் அவன் கண்ணாடி முன்னால் போய் நின்று, அந்தக் கறுப்புக் கண்ணாடியை மாட்டி, தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

“முத்தழகு மாதிரிப் பிள்ளையளத்தான் அந்தாளு மொதல்ல பஸ்ல ஏத்துனான்,” என்றாள் பூங்கோதை. “ஒங்ககிட்டச் சொன்னேன். ஞாபகம் இருக்கா?”

“ஆரம்பிச்சுட்டியா,” என்றான் அவன். “அவளுக்கும் ஒரு நல்ல சேலை கட்டிவிடு. மேடையில அவதான் மாலை குடுக்கப் போறா. வழிவிட்டான் ஏற்பாடு.”

மண்டபத்தில் நூற்றைம்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் பிரியாணிக்கு. பந்தியறையிலிருந்து வந்த மசாலா வாசனையில், பேச்சாளர்கள் என்ன பேசுகிறார்கள் என்று யாரும் கவலைப்படவில்லை. மேடைக்குப் பின்னால் பேனர். ஹிட்லர் கையை நீட்டிப் பளிச்சென்று இருந்தார். மூலையில் தாள் ஒட்டிய சதுரம்.

சுவரோரமாகச் சப்-இன்ஸ்பெக்டர் மாரிச்செல்வி நின்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். பூங்கோதை அவரிடம் போனாள்.

“மேடம், அந்த மூலையில இருந்ததை எடுக்கச் சொன்னீக. நடுவுல இருக்கிறதுக்கு ஒண்ணும் கெடையாதா?”

மாரிச்செல்வி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “பட்டியல்ல பேரு இருந்தா எடுப்பேன். இந்தாளு பேரு பட்டியல்ல இல்லம்மா. நாளைக்கே யாராச்சும் சேத்தா நாளைக்கே எடுப்பேன். வேணும்னா ரோட்டுல அனுமதியில்லாம ஃபிளெக்ஸ் வச்சதுக்கு ஒரு கேஸ் போடலாம். போட்டா எல்லாக் கட்சிக்காரன் மேலயும் போடணும்.” கொட்டாவியை அடக்கிக்கொண்டு, “நீங்க யாரு?” என்று கேட்டார்.

“அந்தச் சிங்கத்தோட பொண்டாட்டி.”

மாரிச்செல்வி போன் கேமராவை மறுபடி மேடைப் பக்கம் திருப்பினார்.

மேடையில் வழிவிட்டான் மைக்கைப் பிடித்து முழங்கிக்கொண்டிருந்தான். ஜெர்மன் போலீஸ் நாற்பது பேர் சுற்றி வளைத்தார்களாம். ‘மன்னிப்புக் கேள்’ என்றார்களாம். ‘தமிழன் மண்டியிட மாட்டான்’ என்று அண்ணன் சொன்னாராம். நாற்பது போலீசும் தலைகுனிந்தார்களாம். காளிராஜ் கேட்டுக்கொண்டே மெல்லத் தலையாட்டினான். கேட்கக் கேட்க அவனுக்கே அது நடந்ததுபோல் ஆகிக்கொண்டிருந்தது. முத்தழகு பட்டுச்சேலையில் வந்து, சொல்லிக் கொடுத்தபடி அண்ணனுக்கு மாலை கொடுத்தாள். எல்லோரும் கைதட்டவும் அவளும் கைதட்டினாள். அவள் தலைக்கு நேர் மேலே அந்தப் படத்தின் நீட்டிய கை இருந்தது.

அப்போதுதான் வழிவிட்டான் அறிவித்தான்: “இப்போது, வீரனின் பின்னால் நின்ற வீராங்கனை, எங்கள் மதினி இரண்டு வார்த்தை பேசுவார்கள்!”

அவள் மேடையேறினாள். கையில் போன் இருந்தது.

“எனக்கு மேடையில பேசத் தெரியாது,” என்றாள். “இவுக ஜெர்மனியில கவர்மென்டுக்கு எழுதுன லெட்டர் ஒண்ணு என் போன்ல இருக்கு. இவுக சொல்லச் சொல்ல நான்தான் எழுதுனேன். அதைத் தமிழ்ல வாசிக்கிறேன்.”

கைதட்டல் பறந்தது. நெருப்பு வரப்போகிறது என்று நினைத்து ஒருத்தன் விசில் அடித்தான். காளிராஜ் லேசாக எழுந்தான். கழுத்து மாலையின் கனம் அவனை உட்கார்த்திவிட்டதுபோல் மறுபடி உட்கார்ந்தான்.

அவள் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

“பெருமதிப்புக்குரிய ஐயா. நான் இந்தியாவில் ஒரு சின்னக் கிராமத்தில் பிறந்தவன். படிப்பில்லாதவன். அந்தச் சட்டையில் இருந்த மனிதர் யார் என்று எனக்குத் தெரியாது. யாரோ சிரிப்பு நடிகர் என்று நினைத்து வாங்கிவிட்டேன். கையை நீட்டியது சல்யூட் இல்லை, எனக்குத் தோளில் பிடிப்பு உண்டு. எங்கள் ஊரிலும் யாருக்கும் அவரைத் தெரியாது, எங்கள் ஊர்க்காரர்களுக்கு உலக விஷயம் எதுவும் தெரியாது. உங்கள் போலீஸ்காரர்கள் என்னைத் தெய்வம்போல் நடத்தினார்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். இனி என் வாழ்நாளில் அவர் படத்தைத் தொட மாட்டேன். தயவுசெய்து என்னை ஜெயிலுக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். இப்படிக்கு, தங்கள் பணிவுள்ள, காளிராஜ்.”

பந்தியறையில் கரண்டி உரசுகிற சத்தம் கேட்டது. முன்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம், “சிரிப்பு நடிகரா?” என்று கேட்டார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்குப் பரவத் தொடங்கியது.

இதோடு முடிந்தது என்று பூங்கோதை நினைத்தாள். ஆனால் வழிவிட்டான் பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கினான்.

“பாத்தீங்களா! பாத்தீங்களா ராஜதந்திரத்தை!” என்று கத்தினான். “சிரிப்பு நடிகர்னு சொல்லி வெள்ளைக்காரனையே நம்ப வச்சிட்டாரு! எதிரியோட கோட்டைக்குள்ள இருந்துகிட்டு, எதிரியை ஏமாத்தி, சிறைக்குப் போகாம வெளிய வந்த மூளை யாருக்கு வரும்? வீரம் மட்டும் இல்லை தோழர்களே, விவேகம்!”

ஒரு நொடிதான். பிறகு நூற்றைம்பது பேரும் கைதட்டினார்கள். தங்களை உலகம் தெரியாதவர்கள் என்று எழுதிக் கொடுத்தவனுக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். விசில் முன்னைவிடப் பலமாக வந்தது. காளிராஜ் முதலில் நம்ப முடியாமல் பார்த்தான். அப்புறம் மெல்ல எழுந்து, கும்பிட்டு, தந்திரக்காரன்போல் ஒரு புன்னகையை வரவழைத்துக்கொண்டான்.

பூங்கோதை மேடையிலிருந்து இறங்கினாள். கோபம்கூட வரவில்லை. முத்தழகின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனாள். “பிரியாணி?” என்று முத்தழகு கேட்டாள். வழியில் கடையை நிறுத்தி வாங்கிக் கொடுத்தாள்.

அதற்கப்புறம் இருவரும் ஒரே வீட்டில் இரண்டு வாரம் இருந்தார்கள். காளிராஜ் தினமும் வெள்ளைச் சட்டையில் கிளம்பிப் போனான். திரும்பும் பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்து, “நீ முன்னாடி போ. பரமக்குடியில ஒரு கூட்டம் இருக்கு, முடிச்சுட்டு வாரேன்” என்றான். மண்டபத்தில் நடந்ததைப் பற்றி அவன் கோபப்படவே இல்லை. “நீ வாசிச்சது ஒருவகைக்கு நல்லதாப் போச்சு” என்று மட்டும் சொல்லியிருந்தான்.

“வர வேணாம்,” என்றாள் அவள். “ஒங்க விசா டிசம்பர்ல முடியுது. ஒங்ககூடத்தான் குடித்தனம் பண்றேன்னு நான் கையெழுத்துப் போட்டாத்தான் நீட்டுவாக. நான் போட மாட்டேன்.”

“ஒரு படத்துக்காகவா?”

“படம் போட்ட பனியனை அங்கன போலீஸ் கழட்டிட்டாக. ஒங்களை யாரு கழட்டுறது? அங்கன சட்டம் இருக்குன்னு கால்ல விழுந்தீக. இங்கன சட்டம் இல்லைன்னு தலையில தூக்கி வச்சுக்கிட்டீக. அந்தாளு செஞ்சது தப்புன்னு ஒரு தடவையாச்சும் மனசுல பட்டுச்சா? பட்டிருந்தா, ஒங்களுக்காக நான் எந்தக் கோர்ட்டுக்கும் வந்திருப்பேன்.”

அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தான். அன்றைய கூட்டத்துக்கு வண்டி வந்து வாசலில் ஹாரன் அடித்தது. போய்விட்டான்.

அவள் தனியாகப் போனாள். டிசம்பரில் அவன் நாலு தடவை போன் செய்தான். முதல் மூன்று தடவை மிரட்டினான், நாலாவது தடவை கெஞ்சினான். விசா முடிந்தது. பேரவை தைப்பொங்கலுக்குள் இரண்டாக உடைந்தது. வழிவிட்டான் ஒரு பாதிக்குத் தலைவனானான். இன்னொரு பாதியில் காளிராஜுக்கு ஒரு துணைச் செயலாளர் பதவி கிடைத்தது. அந்தப் பாதியில் மொத்தம் பதினாறு பேர். அதில் பதினோரு பேர் துணைச் செயலாளர்கள். பகலில் பழைய பைக் விற்கிறான் என்று ஊரிலிருந்து கேள்வி. பூங்கோதை விவாகரத்து மனுவுக்கு ராமநாதபுரம் வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்பினாள். அவன் வாங்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பக்கத்து வீட்டு சேதுலட்சுமி அக்காவின் போனிலிருந்து முத்தழகு வீடியோவில் வருவாள். புதுக் குட்டி போட்ட ஆட்டைக் காட்டுவாள். பூங்கோதை சம்பளத்தில் ஒரு பங்கை அந்த அக்காவுக்கு அனுப்பி, முத்தழகுக்கு நேரத்துக்குச் சோறு போடச் சொல்லியிருந்தாள்.

“அண்ணன் எங்க?” என்று ஒரு நாள் பூங்கோதை கேட்டாள்.

“அண்ணன் பேசப் போயிருக்கு மதினி,” என்றாள் முத்தழகு. “தினமும் பேசப் போகுது. வீட்டுக்கு வந்தா பேசவே மாட்டேங்குது. நீங்க எப்ப வாரீக?”

“சித்திரையில,” என்றாள் பூங்கோதை. “ஒன்னயப் பாக்க மட்டும்.”

முத்தழகு ஆட்டுக்குட்டியைத் தூக்கிக் கேமராவுக்கு நேரே பிடித்தாள். அது கத்தியது. பூங்கோதை சிரித்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, மதிய டூட்டிக்குப் பஸ் பிடிக்கக் கிளம்பினாள்.